பூச்சியம் தசம் ஒரு வோல்ட்

"வோல்டேஜ் காணாது" என்று ஊரே முறைப்பாடு எழுதுகிற கட்டைபறிச்சானில், வோல்டேஜ் கூடிப்போச்சு என்று குறைக்கக் குந்தியிருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ரீவி நாடகமும் தண்ணி மோட்டரும் சேர்ந்து ஓடும். அந்நேரம் சுவரில் 230 வருவதில்லை. ஃபேன் சுற்றச் சுற்ற இறக்கையை எண்ணலாம். பக்கத்துச் சம்பூரில் 500 மெகாவாட் அனல் மின்நிலையம் வருகுது என்று 2006இலிருந்து சொன்னார்கள். 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குக் கொழும்பில் இருந்தபடியே தொடக்க விழா வைத்தார்கள். எங்கள் வெயிலை அவர்கள் குறைத்து மதிப்பிடவில்லை, அந்தமட்டில் சந்தோஷம்.

நான் குறைப்பது என் கம்ப்யூட்டர் சிப்பின் வோல்ட்டை. அதன் மதர்போர்ட் 2017 காலத்து பி350. அதில் ஏறியிருப்பது 2022இல் வந்த ரைசன் 5 5600 சிப். பழைய போர்டில் இந்த வரிசை ஓடாது என்றுதான் ஏ.எம்.டி முதலில் சொன்னது. 2022 மார்ச்சில் மனம் மாறி, பயாஸைப் புதுப்பித்தால் ஓடும் என்றது. அதே மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எதிலும் எதுவும் ஓடவில்லை.

சிப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் பிறப்பதில்லை. எந்தச் சிப்பும் தடுமாறக்கூடாது என்று தேவைக்கு மேலே கொஞ்சம் வோல்ட் வைத்தே அனுப்புகிறார்கள். 1.3ஐ 1.2 ஆக்கினால், வேகம் மாறாமலே மின்செலவு ஏறக்குறைய 15 வீதம் இறங்கும். வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிற கணக்கு இது. சாதாரண தர விஞ்ஞானம்தான். பழைய போர்டின் மின்பகுதிக்கும் சூடு குறையும்.

இதைச் சித்தப்பாவுக்கு விளக்கினேன்.

"ஊருக்கு வாறதே காணாது மகன், நீ இருக்கிறதையும் குறைக்கிறியோ?"

"அது வேற வோல்ட் சித்தப்பா. இது பெட்டிக்குள்ள."

"பில் குறையுமோ?"

பத்து வாட் மிச்சம், நாளுக்கு ஐந்து மணித்தியாலம். மாதம் ஒன்றரை யூனிட் என்றேன்.

"அதுக்கு வாசல் லைட்டை நூர்த்தாலே காணுமே."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. ஆனால் வாசல் லைட்டை நூர்ப்பதில் என்ன சுவாரசியம் இருக்கிறது?

குறைத்துக்கொண்டே போகவும் ஏலாது. ஓர் எல்லைக்குக் கீழே, திரையில் 4.4 கிகாஹேர்ட்ஸ் என்றே காட்டும். வோல்ட் போதாத சிப் உள்ளே ஆறுதலாகத்தான் வேலை செய்யும். கந்தோரில் எட்டு மணிக்குக் கையெழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற ஆள் மாதிரி. ஆகவே சூடு இறங்கியதைப் பார்த்து மட்டும் மகிழாமல், வேகத்தை அளக்கிற சினிபென்ச் புள்ளியையும் பாருங்கள். புள்ளி விழுந்தால் வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

பெரிய சிக்கல் இனித்தான். குறைத்த வோல்ட் தாங்குமா என்று இரவு முழுக்கச் சோதனை ஓடவிட்டு, விடிய எழும்ப பெட்டி நின்றுபோயிருந்தால் யாரைப் பிடிப்பது, சிப்பையா கரண்டையா? 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். வோல்ட் குறைப்பு வழிகாட்டி எழுதுகிற எந்த வெள்ளைக்காரனும் குரங்கைக் கணக்கில் எடுப்பதில்லை.

எனவே முதலில் ஒரு யூ.பி.எஸ் வாங்குங்கள். அது இல்லாமல் பயாஸில் கைவைக்காதீர்கள். அதைப் புதுப்பிக்கிற நடுவில் கரண்ட் போனால் வோல்ட்டைக் குறைக்கிற வேலையே மிஞ்சாது. பழைய போர்டுகள் பல அதோடு எழும்புவதில்லை.