விசிறி நின்றால் புகைதான்

கேள்வி: கரன்ட் போய் வந்தாலே எங்கள் பெல்லட் அடுப்பு எரியாமல் புகைந்து தள்ளுகிறது. மாமியார் என்னைத்தான் முறைக்கிறார். கோளாறு எங்கே?
- வாசகி, கான்சாபுரம்

பதில்: உங்களிடம் இல்லை, இந்தப் பக்கத்தை மாமியார் கண்ணில் படும்படி வையுங்கள். அந்த அடுப்பின் உயிரே சின்ன விசிறியில்தான். அது நின்றால் காற்று போதாமல், எரிய வேண்டிய வாயுவெல்லாம் புகையாகக் கிளம்பும். கரன்ட் வந்ததும் தீக்குச்சியோடு குனியாதீர்கள், குப்பென்று பிடித்து உங்கள் புருவத்தைக் கேட்கும்! ஜன்னலைத் திறங்கள். அடுப்பு நன்றாக ஆறியபின் சாம்பலைக் கொட்டி, அடைத்த காற்றுத் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். அப்புறமும் விசிறி சுற்றாவிட்டால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். வோல்டேஜ் எகிறினால் அதுதான் முதலில் போகும். எரிபொருளாகப் போடும் பெல்லட் துண்டை விரலால் நசுக்குங்கள். மாவாக உதிர்ந்தால் ஈரம் குடித்துவிட்டது, வேறு மூட்டை பிரியுங்கள்.

பி.பி. எண்ணெய் நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஊர்ஜா’ அடுப்பில், விசிறிக்கென்றே சார்ஜ் ஏற்றும் பேட்டரி இருந்தது. தமிழ்நாட்டிலும் விற்றார்கள். உங்கள் அடுப்பிலும் பேட்டரி இருந்தால், கரன்ட் இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டுபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. கால் கிலோ அனுப்பினால் மறுக்க மாட்டேன்.