மிதக்கும் சல்லடை: ஒரு வரலாற்று, இலக்கண, நீரியல் ஆய்வு

மிதக்கும் சல்லடை என்பது யாதெனின், நான்கு பிவிசி குழாய்களை எல்போ வைத்து ஒட்டி, நடுவே அரை இஞ்சுக் கம்பிவலை அடித்த பிளாஸ்டிக் கிரேட்டைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை இடுப்பில் முடிந்துகொண்டு கடலில் இழுத்துத் திரிவது. மெட்டல் டிடெக்டர் கத்திய இடத்தில் மணலை வாரி இதில் கொட்டி ஆட்டினால் மணல் இறங்கிவிடும். காசு, மோதிரம், சோடா மூடி தங்கும். பெரும்பாலும் சோடா மூடி. செய்முறை இவ்வளவுதான். இவ்வளவு எளிதில் விளங்குவது ஆய்வுக்குத் தகாது என்பதால் மேலே செல்வோம்.

சல்லடை மூவகைப்படும்: மிதப்பது, மூழ்குவது, மிதப்பதாகச் செய்தவர் மட்டும் சொல்வது. முதலிரண்டும் வெளிப்படை.

இலக்கணச் சான்றுக்கு நன்னூல். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரியைப் பவணந்தியார் கடைமாணாக்கருக்கு உவமை சொன்னார். மணலை விட்டு மோதிரத்தைப் பிடிக்கும் நம் சல்லடை எந்த மாணாக்கர்? முதல் மாணாக்கரே என்கிறது இன்னும் எழுதப்படாத ஓர் உரை (மூன்றாம் பதிப்பு, கறையான் தின்ற பக்கம்). சோடா மூடியைக் கணக்கில் எடுத்தால் கடைமாணாக்கரே என்பது நம் துணிபு.

இனி சல்லடையின் பெரிய சோதனைக்களம், பர்மாவின் ரங்கூன். தம்மசேதி மன்னர் 1484இல் அங்குள்ள ஷ்வேடகோன் கோயிலுக்கு வார்த்துக் கொடுத்த பெருமணியைச் சுமார் 294 டன் என்பார்கள். 1608இல் பிலிப் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கீசியர், உருக்கிப் பீரங்கி செய்யலாமென்று அதைத் தெப்பத்தில் ஏற்றிச் எதிர்க்கரையிலிருந்த சிரியத்துக்கு இழுத்துப்போனார். பசுந்தாங் ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் மணி கவிழ்ந்தது. பலர் தேடினார்கள், கிடைக்கவில்லை. அரை இஞ்சுக் கண்ணில் இம்மணி நழுவாது என்பது உறுதி. மிதப்புதான் சிக்கல். நாலு இஞ்சுக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் ஒன்பதரைக் கிலோ தாங்கும். ஆக 294 டன்னுக்கு 31 கிலோமீட்டர் குழாய், அதன் சொந்த எடை நீங்கலாக (ஆதாரம்: குழாய்க்கடைச் சீட்டின் பின்புறம், இடக்கைப் பெருக்கல், மை தீர்ந்த இடம்வரை).

குழாய்க் கட்சியை மூங்கில் கட்சி ஏற்பதில்லை. அதன் கையில் வலுவான சான்று இருக்கிறது. 1825இல் ஆங்கிலேயர் அதே கோயிலிலிருந்த சிங்கு மன்னரின் மணியைக் கல்கத்தாவுக்குக் கடத்தப் பார்த்து ஆற்றில் போட்டார்கள். சுமார் 23 டன். அவர்களால் தூக்க முடியவில்லை. பர்மியர்கள் மூங்கில்களைக் கட்டி மிதக்கவிட்டுத் தூக்கி, கோயிலுக்கே திருப்பினார்கள். பல்கலைக்கழகம் எதுவும் அதற்கு நிதி ஒதுக்கவில்லை.

தம்மசேதி மணியை 1583இல் பார்த்த வெனிசு வணிகர் காஸ்பரோ பால்பி, மேலிருந்து கீழ்வரை எழுத்துகள் இருந்தும் அவற்றைப் படிக்க ஆளில்லை என்று குறித்திருக்கிறார். நம்மவர் எவரும் அன்று பக்கத்தில் இல்லை; இருந்திருந்தால் அப்போதே அது வட்டெழுத்தாகியிருக்கும். நம்மவரின் இந்த ஆசைக்குக் காரணம் உண்டு. நியூசிலாந்தில் மாவோரிகள் கிழங்கு வேகவைத்த பாத்திரம், 1836 வாக்கில் மிஷனரி கொலென்சோ பார்த்தபோது, ஒரு மணியின் பகுதியாக இருந்தது. அதில் உண்மையிலேயே தமிழ் எழுத்து இருந்தது. வந்த வினையே அதுதான். ஒரு மணியில் தமிழ் கிடைத்தபின் நம் அறிஞர்களுக்குக் கோயில் மணியிலும் தமிழ், மாட்டு மணியிலும் தமிழ். நீருக்கடியில் கிடப்பது இன்னும் வசதி. யாரும் படித்துப் பார்த்து மறுக்க முடியாது. (விரிவுக்கு: மேற்படி எழுதப்படாத நன்னூல் உரைக்கு அதன் ஆசிரியரே எழுதிய மறுப்பு, அம்மறுப்புக்காக அவர் தமக்கே வழங்கிக்கொண்ட முனைவர் பட்டம், வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டவரும் அவரே, திணறியவரும் அவரே.)

சல்லடை செய்யப்போகும் வாசகர்கள் ரங்கூன் ஆற்றை விட்டுவிடவும். அங்கே மணல் குறைவு, வண்டல் அதிகம், வலைக்கண்ணை அப்பிக்கொள்ளும். ஓத இழுப்பும் பலமானது. பர்மாவிலேயே உள்ள ங்வேசவுங் கடற்கரைக்குப் போங்கள். குழாய் மூட்டுகளில் பசை நன்றாகக் காய்ந்தபின் தண்ணீரில் விடுங்கள்.