பீரின் தட்பநிலையும் சுவைநிலையும்: கடைசி கிளாஸை முன்வைத்து ஓர் ஆய்வு

பீர் பாட்டிலின் லேபிளில் ஆல்கஹால் சதவீதம் உண்டு. 650 மில்லி என்ற அளவு, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, மது கேடு என்ற எச்சரிக்கை எல்லாம் உண்டு. எத்தனை டிகிரியில் குடிப்பது என்ற குறிப்பு மட்டும் கண்ணில் படுவதில்லை. இந்த இடைவெளியைத் தமிழ்க் குடிமகன் "கூலிங் இருக்கா?" என்ற ஒற்றைக் கேள்வியால் நிரப்பி வைத்திருக்கிறான். எந்த பிராண்ட் என்பது அதற்கடுத்த கேள்வி. "கூலிங்ல என்ன இருக்கோ அதக் குடுண்ணே" என்று சொல்லிவிடுபவர்களிடம் அந்த இரண்டாம் கேள்வி எழுவதே இல்லை. சுவையை முந்திக்கொண்டு தட்பம் நிற்பதேன், அப்படி நின்றதால் சுவைக்கு நேர்ந்ததென்ன என்பவை இவ்வாய்வின் வினாக்கள்.

ஆய்வெல்லை: இடம் சென்னை, காலம் சித்திரை, வைகாசி, பொருள் லாகர் வகைப் பீர். பிராந்தி சேர்க்கப்படவில்லை. அதைக் குடிப்போர் எல்லாப் பருவத்திலும் ஒரே மாதிரி முகம் சுளிப்பதால் ஒப்பிடத் தரவு கிடைக்கவில்லை.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். களத்தில் வெப்பமானி வழக்கில் இல்லை. புறங்கையே வழக்கில் உள்ளது. ஆனால் ஃப்ரிட்ஜில் கண்ணாடி முதலில் குளிரும், உள்ளே இருப்பது பிறகுதான் குளிரும். சற்றுமுன் உள்ளே வைத்த பாட்டில் புறங்கையை ஏமாற்றிவிடும். எனவே பழுத்த தகவலாளர்கள் பாட்டிலின் வயிற்றுப் பகுதியைக் கன்னத்தில் வைத்து ஒரு மூச்சு பொறுக்கிறார்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். நீர் முத்துமுத்தாகப் பூத்து, லேபிளின் ஓரம் நனைந்து சுருண்டால் தேர்ச்சி. இச்சோதனையில் ஒரு குறை உண்டு. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் சென்னையில் 20 டிகிரி பாட்டிலும் வியர்க்கும். இதைத் தகவலாளர்களிடம் எடுத்துச் சொல்ல முயன்றதில் களஆய்வு சிறிது நேரம் தடைப்பட்டது.

இந்த வியர்வைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலாளர்கள் டேல் டுரான், டார்கன் ஃப்ரையர்சன் இருவரும் 2013இல் 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் குளிர்ந்த கேனை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். (இப்படியும் ஆய்வு நடக்கிறதா என்று வியப்போர் கவனிக்க: நடந்திருக்கிறது, அதுவும் முழு மரியாதையோடு.) நீராவி நீராக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தைக் கேனுக்குக் கொடுத்துவிடுகிறது, புழுக்கமான நாளில் கேன் சூடாவதில் சுற்றுக் காற்றின் வெப்பத்தைவிட அதன்மேல் படியும் நீர்த்துளிகளின் பங்கே பெரிதாகிவிடலாம் என்று காட்டினார்கள். ஆக, கூலிங்குக்குச் சான்றாக நம்மவர் எதைப் பார்த்துப் பூரிக்கிறார்களோ அதுவே கூலிங்கைத் தின்றுகொண்டிருக்கிறது. ஈர நியூஸ்பேப்பரைச் சுற்றி வைக்கும் வைத்தியமும் இங்கே செல்லாது. மண்பானைத் தத்துவம் வறண்ட மதுரைக் காற்றுக்குப் பொருந்தும்; திருவல்லிக்கேணிக் காற்று ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது.

திருவல்லிக்கேணி என்றதும் ஒரு கட்டடத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து விற்றார். அதைச் சேமிக்க 1842இல் எழுந்ததுதான் மெரினாவின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். விவேகானந்தர் அங்கே தங்கியது 1897இல். அதற்கு முன்பே ஐஸ் வியாபாரம் கரைந்துபோயிருந்தது. சென்னையின் வெயிலில் ஒரு வாய் குளிர்ந்த பானத்துக்காகப் பாதி உலகம் தாண்டி ஏரித்தண்ணீர் வந்தது என்பது இவ்வாய்வாளருக்கு இன்றும் மலைப்பு. வருகிற வழியில் எவ்வளவு உருகினாலும் மிச்சத்தில் லாபம் பார்த்தவர் அந்த மனிதர்.

பவேரியர்கள் எதிர்த்திசையில் போனார்கள். கோடையில் காய்ச்சிய பீர் கெடுகிறது என்பதால் 1553இல் அங்கே ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை விழுந்தது. வசந்தத்துக்குள் காய்ச்சியதைப் பனிக்கட்டி அடுக்கிய நிலவறைகளில் வைத்தார்கள்; மேலே நிழலுக்குச் செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். 1870களில் கார்ல் ஃபான் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் குளிர்விக்கும் இயந்திரத்தை ஓடவிட்ட பிறகே காலண்டரிடமிருந்து பீருக்கு விடுதலை. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் தயிருக்கும் மாவுக்குமாக வந்தது என்று நினைக்கிறோம். அதன் குலத்தில் ஒரு பாட்டன் பீர் ஆலையில் வேலை பார்த்தவர்.

இனி சுவைக்கு வருவோம். நாக்கின் சுவைமொட்டுகளில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதவாயில் உண்டு. 15 டிகிரியிலிருந்து 35 வரை வெப்பம் ஏற ஏற அது மேலும் மேலும் திறந்து இனிப்பைப் பலமாக அறிவிக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு 2005இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். மணமும் அப்படியே. எஸ்டர்கள் காற்றில் எழுந்து மூக்கை எட்டக் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும். கரியமில வாயுவோ நேரெதிர்: 0 டிகிரி நீரில் கரைந்து நிற்பதில் ஏறத்தாழ பாதிதான் 20 டிகிரியில் நிற்கும். ஆகவே ஜில்லென்ற பீரில் மால்ட்டின் இனிப்பும் மணமும் தலைமறைவாகி, சுருக்கென்ற குத்தல் மட்டும் மேடையில் நிற்கிறது. பீர் சூடேறினால் குத்தல் இறங்கிப்போய் மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

இங்கேதான் கருதுகோள் பிறக்கிறது. 4 டிகிரியில் திறந்த பாட்டில், மின்விசிறி அனல் வீசும் அறையில், பேச்சு சூடுபிடிக்கும் நேரத்துக்குள் 15 டிகிரியைத் தொட்டுவிடும். முதல் கிளாஸில் நாம் குடிப்பது குளிரை. இரண்டாவது ஓர் எல்லைத் தகராறு. கடைசி கிளாஸில்தான் அந்தப் பீரின் குணம் முழுசாக வெளிப்படுகிறது. அந்தக் கிளாஸுக்கு நேர்வது என்ன? "மச்சி, நீ முடிச்சிரு." "வேணாம்டா, உனக்குத்தான்." பீரின் வெப்பநிலை ஏற ஏறக் குடிப்பவரின் ஈகைக்குணமும் ஏறுகிறது என்பதை எல்லாக் களங்களிலும் காண முடிந்தது. கூலிங் பாட்டிலை யாருக்கும் தராதவர், வெதுவெதுத்த கால் கிளாஸில் பாரியாகிவிடுகிறார். காசு கொடுத்து வாங்கிய சுவை எந்தக் கிளாஸில் இருந்ததோ அது வாஷ்பேசினுக்குப் போகிறது.

மறுதரப்பார் கூறுவர்: வெளிப்பட்ட குணம் நல்ல குணமாக இருந்தால் ஏன் கொட்டுகிறோம்? வலுவான வாதம். இந்தியாவில் பெரிதும் விற்பது 8 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்ட ஸ்ட்ராங் பீர். அது சூடேறினால் முதலில் எழுந்து நிற்பது மால்ட்டின் மணமன்று, ஆல்கஹாலின் நெடி. எனவே கூலிங் என்பது பீருக்கு நாம் போர்த்தும் பொன்னாடை. உள்ளே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தின் கேஸ்க் ஏல் என்ற பீர் வகை 11 முதல் 13 டிகிரியில் பரிமாறப்படுகிறது. மறைக்க வேண்டியது குறைவு என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அதைச் 'சூடான பீர்' என்று கேலி செய்வோர் அதன் நிலவறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த முறையை இங்கே பின்பற்ற விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை: மெரினாப் பக்கம் நிலவறை தோண்டினால் கிடைப்பது உப்புத்தண்ணீர். ஜெர்மனியில் அதிகம் குளிர்ந்த பீருக்குள் வெந்நீர் நிரப்பிய உலோகக் குழலை இறக்கும் வழக்கமும் உண்டு. இத்தகவலைக் கேட்ட நம் தகவலாளர் ஒருவர் கண்கலங்கினார்.

ஃப்ரீசரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 5 சதவீத பீர் மைனஸ் 2, 3 டிகிரியில் உறையும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், கண்ணாடி விரியாது. மறதியுள்ளோர் விடிந்ததும் பட்டாணிப் பாக்கெட்டுக்கு இடையே தரவைப் பொறுக்கலாம்.

அமெரிக்காவில் ஒரு நிறுவனம், போதிய அளவு குளிர்ந்தால் லேபிளில் உள்ள மலை நீலமாகும் மையைக் கொண்டுவந்தது. குடிப்பவரின் நாக்குக்கே தெரியாதா என்று கேட்கலாம். அந்த அளவு குளிர்ந்த பின் நாக்கு மரத்துத்தான் போயிருக்கும். யாராவது சொல்லத்தான் வேண்டும்.

மேலாய்வுக்கு உரிய களங்கள் பல. மிளகாய்த்தூள் தூவிய அவித்த கடலை நாக்கில் சூட்டு நரம்பைத் தூண்டி அடுத்த மிடறைக் குளிராகக் காட்டுகிறதா என்பது முதன்மையானது. இதற்குத் தொட்டுக்கை வாங்க நிதியுதவி தேவை. கிளாஸிலேயே ஐஸ்கட்டியைப் போட்டுப் பீரை ஊற்றுவோரைப் பற்றி இவ்வாய்வு பேசவில்லை. தாய்லாந்திலும் வியட்நாமிலும் அது நாள்தோறும் நடப்பதே என்று அவர்கள் வாதிடக்கூடும். அந்த வாதத்துக்கு மறுப்பு தயாராகும்வரை, அவர்கள் வேறு மேஜையில் உட்காரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.