இருபதாம் நாள் தலை: ஆண்களின் முடிவெட்டு குறித்து ஓர் ஆராய்ச்சி

முடிவெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதல் நாளைப் பற்றியே பேசுகிறார்கள். சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் முதல் நாள் தலைகள். கைப்பேசியில் நீட்டிக் காட்டப்படும் நடிகரின் தலையும் முதல் நாள் தலை. ‘உங்கள் முகத்துக்கு ஏற்ற சிகையலங்காரம்’ என்று இணைப்பிதழ்கள் போடும் பக்கங்களிலும் இதே கதைதான். ஆனால் மாதம் ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளும் ஆண் அந்தத் தலையோடு வாழ்வது ஒரே ஒரு நாள். மீதி 29 நாளும் அவன் சுமந்து திரிவது வளர்ந்துகொண்டேயிருக்கும் வேறொரு தலையை. ஆகவே ஒரு வெட்டின் தகுதியை முதல் நாளில் வைத்து மதிப்பிடுவது முறையன்று, இருபதாம் நாளில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அஃதேல், பதினைந்தாகவோ இருபத்தைந்தாகவோ ஏன் இருக்கக்கூடாது எனின், பதினைந்தாம் நாள்வரை ‘இப்பதானே வெட்டினோம்’ என்ற நினைப்பு கண்ணை மறைக்கும். இருபத்தைந்துக்கு மேல் ‘வெட்டணும்’ என்ற நினைப்பு எல்லாவற்றையும் மன்னித்துவிடும். இருபதாம் நாளுக்கு இந்த இரண்டு சலுகையும் கிடையாது.

துணிபுக்கு ஆதாரம் கணக்கில் இருக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். இருபது நாளுக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 7 மில்லிமீட்டர் உச்சந்தலைக்கும் காதோரத்துக்கும் பாரபட்சமில்லாமல் ஒரே அளவில் வந்து சேர்கிறது. வம்பே இந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது. இப்போது இளைஞர்கள் கேட்கும் ஃபேட் வெட்டை எடுத்துக்கொள்வோம். மேலே 60 மில்லிமீட்டர் விட்டு, பக்கத்தில் மெஷினில் ஒன்றாம் நம்பர் சீப்பை மாட்டி 3 மில்லிமீட்டருக்கு இழுக்கிறார்கள். மேலுக்கும் பக்கத்துக்கும் விகிதம் 20க்கு 1. அந்த வெட்டின் மிடுக்கு முழுவதும் இந்த விகிதத்தில் அடங்கியிருக்கிறது. இருபதாம் நாள் மேலே 67, பக்கத்தில் 10. விகிதம் 7க்கு 1கூட இல்லை. மேலே ஒன்றும் மாறின மாதிரி தெரியாது. பக்கத்திலோ முடி மூன்று மடங்கைத் தாண்டி, படியவும் நீளம் போதாமல், தோலோடு ஒட்டியும் இருக்க முடியாமல், பாத்திரம் தேய்க்கும் பிரஷ்போல விறைத்து நிற்கும். மாறாக, நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலோர் வாயில் தானாக வரும் ‘மீடியம்’ என்ற வெட்டில் மேலே 50, பக்கத்தில் 20 என்று வைத்தால், விகிதம் இரண்டரைக்கு 1. இருபதாம் நாள் 57க்கு 27, அதாவது இரண்டுக்குச் சற்று மேல். மாற்றம் ஒன்றும் பெரிதில்லை. தலை முழுவதும் 6 மில்லிமீட்டருக்கு ஒட்ட வெட்டும் சம்மர் கட்டிங்குக்கு முதல் நாளும் 1க்கு 1, இருபதாம் நாளும் 1க்கு 1. ஆக, பக்கத்தையும் மேலையும் எவ்வளவு தூரம் பிரித்து வைக்கிறோமோ, அந்த வெட்டு அவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டும்.

இவ்வாறாயின் உலகத்தின் தலைசிறந்த வெட்டு மொட்டைதானே என்பாரும் உளர். கணக்குப்படி அதில் தவறில்லை. முதல் நாள் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கக் கணிதம் சம்மதிக்காது என்பதைத் தவிர மொட்டைக்கு வேறு குறை சொல்ல முடியாது. இருபதாம் நாள் 7க்கு 7 என்று அது ஒழுங்காகத்தான் முளைத்திருக்கும். செலவும் ஒரு தடையில்லை. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது என்று 2021இல் அறநிலையத் துறை அறிவித்துவிட்டது. ஆனால் நம் ஊரில் மொட்டை ஒரு சிகையலங்காரம் அன்று. அது ஒரு செய்தி. மொட்டைத் தலையோடு தெருவில் நடப்பவனை எதிர்ப்படும் முதல் ஆள் “எந்தக் கோயில்? பழனியா, சமயபுரமா?” என்று கேட்பார். இரண்டாவது ஆள் ஒன்றும் கேட்காமல் குரலைத் தணித்து, “வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?” என்பார். இந்த இரண்டு விசாரணைக்கும் மாதம் தவறாமல் பதில் சொல்லத் தெம்பிருப்பவர்கள் மொட்டையைத் தாராளமாக மேற்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அது விலக்கு.

இனி முடியின் இயல்பு. இதில் முதலில் பார்க்க வேண்டியது சுழி. உச்சியில் சற்றுப் பின்னால் முடி வட்டமாகச் சுற்றி முளைக்கும் அந்த இடம் பெரும்பாலோருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்வதற்கு ஆதாரம் ஏதும் அகப்படவில்லை. ஆனால் இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு மடங்கு சிரமம் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுழியைச் சுற்றியுள்ள முடி நீளமாக இருந்தால் தன் கனத்தில் படியும். மிகக் குட்டையாக இருந்தால் நிற்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வெட்டினால், தண்ணீர் தொட்டுத் தடவினாலும், தடவிய கை விலகியதும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து நிற்கும். சுருட்டை முடிக்கு வேறு கணக்கு. அதைத் தண்ணீர் அடித்து நீட்டி வெட்டுகிறார்கள். காய்ந்ததும் அது சுருங்கி மேலேறி, நாற்காலியில் பார்த்த அளவைவிடக் குட்டையாகிவிடுகிறது. சுருட்டைக்காரர் தாம் நினைத்ததைவிட ஒரு விரற்கடை கூடுதலாக விடச் சொல்வது நலம். ஈரம் பட்டால் மனித மயிர் நீளும், காய்ந்தால் சுருங்கும் என்பது சலூன்காரர்கள் மட்டும் அறிந்த இரகசியம் அன்று. ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிஞர் 1783இல் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியையே மயிரைக் கொண்டு செய்தார். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரை ஊர்களில் வாழ்கிறவர்களின் தலை ஒவ்வொன்றும் அப்படி ஒரு கருவி. டிரையரும் மெழுகும் போட்டுக் காலையில் தூக்கி நிறுத்திய முடி, மதியத்துக்குள் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தன் சொந்த இயல்புக்குத் திரும்பிவிடும். வீட்டில் நின்றது மெரினாவில் நிற்காது.

காற்றைவிடக் கறாரான இன்னொரு நடுவர் ஹெல்மெட். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருந்தாலும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2015 ஜூலை 1 முதல்தான் தமிழ்நாட்டுத் தலைகள் அதைப் பெருவாரியாக உணர்ந்தன. முடியை விரும்பிய வடிவில் நிறுத்த வேண்டியவை ஈரம், சூடு, அழுத்தம், கொஞ்ச நேரம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஹெல்மெட்டுக்குள் போகும் தலைக்கு இவை நான்கும் குறைவறக் கிடைக்கின்றன. அதாவது ஹெல்மெட்டே ஒரு சிகையலங்காரக் கருவி. அது செய்யத் தெரிந்த அலங்காரம் ஒன்றே ஒன்று, நெற்றியில் அப்பிய முடியும் காதுக்கு மேல் ஒரு வரப்பும். ஆகையால் தினமும் பைக்கில் அலுவலகம் போகிறவர் ஸ்பைக், முன்பக்கம் தூக்கி வாரும் பாணி முதலியவற்றைத் தேர்வது கழற்றிவைக்க முடியாத ஒரு சட்டத்தோடு வழக்காடுவதாகும். அவருக்கு உகந்தது, கழற்றியதும் ஐந்து விரலால் கோதினாலே சரியாகிவிடும் நீளம். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவருக்கு இந்தத் தடை இல்லை. ஜன்னலோர இருக்கை கிடைக்காத வரை.

முகவடிவக் கொள்கையினர் இங்கே எழுந்து, நீள்வட்ட முகத்துக்கு ஒன்று, சதுர முகத்துக்கு ஒன்று, வட்ட முகத்துக்கு ஒன்று என்று காலங்காலமாக வகுத்திருக்கிறார்களே, அதை விட்டுவிட்டுச் சுழியையும் ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு தொங்கலாமா என்பர். வட்ட முகக்காரர் பக்கத்தைக் குறைத்து மேலே சற்று உயரம் விட்டால் முகம் நீண்டு தெரியும் என்பது மெய்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கொள்கை மழித்த முகத்துக்கு வகுத்தது. நம் இளைஞர்களில் பெரும்பாலோர் இப்போது தாடிக்காரர்கள். தாடி முகத்தின் வடிவைத் தானே தீர்மானித்துவிடுகிறது. வட்டமும் சதுரமும் தாடிக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. தாடிக்காரருக்கு எழும் கேள்வி வேறு: கிருதா எங்கே முடிகிறது, தாடி எங்கே தொடங்குகிறது? பக்கத்தை ஃபேடாக இழுத்து, கீழே அடர்ந்த தாடியும் வைத்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் இருபதாம் நாளில் புதர் மண்டிப் போகும். ஏனெனில் தாடியும் அந்த 20 நாளில் சும்மா இருப்பதில்லை.

சினிமாவை முன்னிறுத்துவோரின் வாதம் இதைவிட வலுவானது. திரையில் அந்த வெட்டு இரண்டரை மணி நேரமும் அப்படியே நிற்கிறதே என்பது அவர்கள் கேள்வி. நிற்கத்தான் செய்யும், திரையில் இருபதாம் நாள் என்பதே இல்லை. ஒரு காட்சியின் முன்பாதி மார்ச்சிலும் பின்பாதி ஜூனிலும் எடுக்கப்படலாம். இரண்டிலும் தலை ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்பதற்காகவே கன்டினியூட்டி பார்க்கிறார்கள், முடிக்கென்று ஆளும் வைத்திருக்கிறார்கள். 2003இல் ‘காக்க காக்க’ படத்தில் சூர்யா வைத்திருந்த ஒட்ட வெட்டிய போலீஸ் தலை, மேலே சொன்ன விகிதக் கணக்கில் தேறக்கூடியது. அதைப் பார்த்து வெட்டிக்கொண்டவர்களுக்கு நட்டமில்லை. அதே ஆண்டு ‘சேது’வின் இந்தி வடிவமான ‘தேரே நாம்’ வந்தது. நடு வகிடெடுத்து இரு பக்கமும் முடி வழியும் சல்மான் கானின் தலை வடக்கே தெருத்தெருவாகப் பரவியது. படத்தின் பிற்பாதியில் நாயகனுக்கு மொட்டை அடித்துவிடுகிறார்கள் என்பதும் எல்லோரும் பார்த்ததுதான். அதை எவரும் பின்பற்றவில்லை. ரசிகர்கள் முதல் நாளை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முன்நெற்றி ஏறத் தொடங்கியவர்களின் நிலை தனி. ஹாமில்டன் 1951இல் வகுத்து, நார்வுட் 1975இல் திருத்திய அட்டவணையில் ஆண் வழுக்கைக்கு ஏழு படிகள் உண்டு. மூன்றாம் படியைத் தாண்டியவர்கள் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே அடர்த்தி குறையும்போது பக்கத்தில் அடர்த்தியாக விட்டால், இல்லாத இடத்தை இருக்கிற இடம் காட்டிக்கொடுக்கும். பக்கத்தைக் குறைத்தால் இரண்டும் சமாதானமாகும். ஒரு பக்க முடியை வளர்த்து மறுபக்கத்துக்குப் போர்த்தும் முறையைக் கைக்கொள்வோரும் உண்டு. 1977இல் அமெரிக்காவில் ஒரு தந்தையும் மகனும் அப்படி வழுக்கையை மூன்று திசையிலிருந்து மூடும் முறைக்குக் காப்புரிமையே வாங்கினார்கள். அதற்கு 2004இல், பொறியியலுக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. காப்புரிமை காற்றைக் கட்டுப்படுத்தாது என்பதை நம் கடற்கரையில் எந்த மாலையும் சோதித்துப் பார்க்கலாம்.

எஞ்சியிருப்பது ஓர் ஆட்சேபம். பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பக்கத்தை மட்டும் சரிசெய்துகொண்டால் இருபதாம் நாளே வராதே? வராதுதான். போக நேரமும், ஒவ்வொரு முறையும் கொடுக்கப் பணமும் உள்ளவருக்கு ஃபேட் தாராளமாகப் பொருந்தும். இந்தக் கட்டுரை அவருக்கு எதிரானது அன்று. ஆனால் மாதம் ஒருமுறையே போகிறவர், பத்து நாள்காரருடைய வெட்டைக் கேட்டு வாங்குவதுதான் பிழை. கல்யாண மாப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, அதுவும் முதல் நாளுக்குச் சாதகமானதன்று. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வெட்டினால் வெயில் படாத தோல் காதோரத்திலும் பிடரியிலும் வெளுத்துத் தெரியும். ஆல்பம் முழுக்க அந்த வெள்ளைக் கோடு நிலைத்துவிடும். ஐந்து நாள் முன்னால் வெட்டிக்கொள்வதே அறிவு.

ஆகவே அடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்து, “எப்படிண்ணே?” என்ற கேள்வி வந்ததும் படத்தை நீட்டாதீர்கள். “அடுத்து வர ஒரு மாசம் ஆகும், வண்டிலதான் போவேன், பின்னாடி சுழி இருக்கு” என்று மூன்று தகவலைச் சொல்லுங்கள். வெட்டி முடித்ததும் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுவார். எல்லோரும் ஒன்றும் பார்க்காமலே தலையாட்டும் அந்த இரண்டு நொடியில் பிடரியைப் பாருங்கள். இருபதாம் நாள் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். போகும் கிழமையைப் பொறுத்தவரை, ஞாயிறு கூட்டம், செவ்வாய் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை, வெள்ளியும் அமாவாசையும் வீட்டில் விட மாட்டார்கள். புதனோ வியாழனோ காலையில் போங்கள். பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளை மட்டும் தவிருங்கள். மெஷினில் சார்ஜ் இருக்கும், ஃபேன்தான் ஓடாது.