கேஸ் மாத்திரையில் ஒளிந்த கள்ளன்

ஆடலூரில் காபி விளைகிறது, மிளகு விளைகிறது, கூடவே நெஞ்செரிச்சலும். வெறும் வயிற்றில் கடுங்காப்பி, அதன்மேல் காரக் கறிக்குழம்பு, மறுபடி கடுங்காப்பி என்றால் வயிறுதான் என்ன செய்யும்! தமிழ்நாடு முழுக்க இதற்கு ஒரே வைத்தியம்தான்: "அண்ணே, ரெண்டு ரேன்டாக் குடுங்க." சீட்டு கேட்க மாட்டார்கள். காய்ச்சலுக்குப் போனாலும் "வயிறு புண்ணாகாம இருக்கட்டும்" என்று அது ஒன்று சேர்ந்துவரும். ரேன்டாக், அசிலாக், ஜினிடாக் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ரானிடிடின்.

அந்த ரானிடிடினுக்குள் குடியேறியவன் ஒரு பழைய கேடி. முழுப்பெயர் நைட்ரோசோ டைமெத்தில் அமீன், நாம் என்.டி.எம்.ஏ. என்போம். மஞ்சள் எண்ணெய், தண்ணீரில் சமர்த்தாகக் கரையும், ஆவியாகவும் பறக்கும். அது உள்ளே போனதும் கல்லீரல் தன் கடமையாக உடைத்துப் பார்க்கும். உடைந்த துண்டு நேரே டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். திருடனுக்குத் தானே கத்தி தீட்டிக் கொடுக்கிற உறுப்பு.

என்.டி.எம்.ஏ.வைக் கரைப்பானாகப் பயன்படுத்திய பிரிட்டன் ஆய்வகத்தில் ஆட்களுக்குக் கல்லீரல் கெட்டுப்போக, பார்ன்ஸ், மேகீ என்ற இருவர் எலிகளைப் பிடித்தார்கள். 1956இல் முடிவு வந்தது: தீவனத்தில் பத்து லட்சத்தில் 50 பங்கு கலந்தால் போதும், எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய். உலகம் "எலிக்குத்தானே" என்று கொட்டாவி விட்டது. அடுத்து நார்வே. நைட்ரைட் போட்டுப் பதப்படுத்திய ஹெர்ரிங் மீன் தூளைத் தின்ற ஆடுகளும் மிங்க்குகளும் கல்லீரல் கெட்டுச் செத்தன. மீனின் அமீனும் நைட்ரைட்டும் தீவனத்துக்குள்ளேயே ரகசியக் கல்யாணம் செய்து என்.டி.எம்.ஏ.வைப் பெற்றிருந்தன. இதற்கிடையில் நம்ம கேடி ராக்கெட் எரிபொருள் தயாரிப்பிலும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். யு.டி.எம்.ஹெச். என்ற அந்த எரிபொருளை ஒரு காலத்தில் இவனிலிருந்துதான் செய்தார்கள். மகேந்திரகிரியில் சோதிக்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சின் குடிப்பது அந்த யு.டி.எம்.ஹெச். குடும்பத்துச் சரக்கைத்தான்.

1981இல் கிளாக்ஸோ ரானிடிடினைச் சந்தைக்கு விட்டது. சில ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து அதுதான். மூலக்கூறைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்: ஒரு முனையில் டைமெத்தில் அமீன், மறுமுனையில் நைட்ரோ. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே வீட்டில். சூடும் நாளும் கூடக்கூட மாத்திரை அட்டைக்குள்ளேயே என்.டி.எம்.ஏ. பிறக்கும். நம்மூர் மே மாத வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2019இல் அமெரிக்காவின் வாலிஷூர் சோதனைச்சாலை ஒரு மாத்திரையில் முப்பது லட்சம் நானோகிராம் என்று கூவியது. நாளொன்றுக்கு அனுமதி 96. ஆனால் அவர்கள் மாத்திரையை 130 டிகிரியில் வாட்டிவிட்டுத்தான் அளந்தார்கள்! அந்தச் சூட்டில் கள்ளனைத் தேடியவர்களே கள்ளனைப் பெற்றும் விட்டார்கள். சூடாக்காத முறையில் பார்த்தபோது அளவு வெகுவாக இறங்கியது. ஆனாலும் பல மாத்திரைகள் 96ஐத் தாண்டின. 2020 ஏப்ரலில் அமெரிக்கா மொத்தமாகத் திரும்பப் பெறச் சொன்னது. போட்டவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வந்துவிடவில்லை. அப்படி உறுதியான தொடர்பைப் பெரிய ஆய்வுகள் காட்டவும் இல்லை.

இந்தியா என்ன செய்தது? 2022 செப்டம்பரில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 26 மருந்துகளை நீக்கியபோது ரானிடிடினையும் நீக்கியது. தடை மட்டும் போடவில்லை. ஆகவே கேட்கிறவருக்கு ரேன்டாக். விவரம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்கிறவருக்குப் பேன்டோபிரசோல் என்ற மாற்று மாத்திரை. கடுங்காப்பியைக் குறைக்கச் சொன்ன டாக்டரை மட்டும் யாரும் இரண்டாம் முறை போய்ப் பார்க்கவில்லை.