சிவகாசிச் சிற்றலுவலகங்களில் ‘முதலாளி இல்லை’ என்னும் விடையும் அதற்கேற்ற தொலைபேசி அமைப்பும்: ஓர் ஆய்வு

சிறிய ஆபீஸ் ஒன்றுக்கு எந்தத் தொலைபேசி அமைப்பு தோதானது என்பது பற்றி இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் போன் பெட்டி விற்பவர்கள். அதனால் எத்தனை லைன், எத்தனை எக்ஸ்டென்ஷன், வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு அந்தத் துறை தேங்கிவிட்டது. ஆபீஸுக்குப் போன் எதற்கு என்ற ஆதாரக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பேசுவதற்கு என்று பதில் சொல்கிறவர், தீபாவளி நெருக்கத்தில் சிவகாசிப் பட்டாசு ஆபீஸ் ஒன்றில் அரை மணி நேரம்கூட உட்கார்ந்திராதவர். பேசாமல் இருப்பதற்குத்தான் போன் என்பது இந்த ஆய்வின் கருதுகோள்.

ஆய்வு எல்லையை வரையறுத்துக்கொள்வோம். இங்கே சிற்றலுவலகம் என்பது சிவகாசி நகருக்குள் ஒரு மாடியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி ஆபீஸ். பட்டறை ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் இருக்கும். ஆபீஸில் முதலாளி, கணக்குப்பிள்ளை, வடக்கத்திப் பார்ட்டிகளிடம் இந்தி பேச ஒரு தம்பி, பில் போடும் பெண், போன் எடுக்கும் அக்கா. முன்கூடத்துக்கும் முதலாளி அறைக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு. ஏ.சி. வாங்கியபோது தடுப்புக்கு மேலே கண்ணாடி வைத்து அடைத்தார்கள். அப்படியும் ஒரு சந்து விட்டுப்போயிற்று. முதலாளி அறையில் தும்மினால் முன்கூடத்தில் ஆறு மாத வாடிக்கைக்காரரும் இன்னார் தும்மல் என்று சொல்லிவிடுவார். தொலைபேசிப் பொறியியலின் சிக்கல் முழுவதும் அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“அண்ணாச்சி இருக்காகளா?”

“யாரு பேசுறீக?”

“சாத்தூர்லருந்து, அட்டைப்பெட்டி. பழைய பாக்கி விஷயமா.”

“அண்ணாச்சி பேங்குக்குப் போயிருக்காகளே.”

“எப்ப வருவாக?”

“லைன்ல இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

பேங்குக்குப் போனவரிடம் எப்படிக் கேட்பார்? சாத்தூர்க்காரர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அண்ணாச்சி உள்ளேதான் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். இந்த வாரம் பணம் வராது, அதற்காக நமக்குள் மனஸ்தாபம் ஒன்றுமில்லை என்ற செய்தி யார் முகமும் கோணாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தனை நுட்பமான செய்தியைத் தாங்கும் அமைப்பு எது என்பதே நம் தேடல்.

விருதுநகரை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அங்கே வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் வியாபாரம். மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் வருமளவுக்கு விலையே உயிர். குமாஸ்தா சொன்ன விலையை யாரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே விருதுநகர் முதலாளி முதல் மணியிலேயே தானே எடுத்துவிடுவார். அவருக்கு எந்தப் போனும் போதும்.

இனி வரலாறு. 1882-லேயே கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. ஆனாலும் 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க ரயிலேறிக் கல்கத்தாவுக்கு நேரில்தான் போனார்கள். காரியம் பெரிதானால் போன் உதவாது என்பதற்கு இந்த ஊரின் முதல் சான்று இது. பிறகு வந்தது ஆபரேட்டரிடம் பதிந்து வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் காலம். அதில் ‘பி.பி. கால்’ என்று ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. குறிப்பிட்ட ஆள் லைனுக்கு வந்தால்தான் முழுக் கட்டணம் விழும். அதாவது ‘இல்லை’ என்ற பதிலுக்கு இந்திய அரசே சலுகை கொடுத்தது. சரக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு பெயரைக் கேட்பது, லாரி நடுவழியில் நின்றால் வேறொரு பெயரைக் கேட்பது, இரண்டு பெயரிலும் ஆள் இல்லை என்று பதில் வாங்குவது. செய்தி வந்துவிட்டது, பணம் மிச்சம். 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. தொடங்கி, பின்னால் நாடெங்கும் பரவியபோது இந்தக் கலை நசிந்தது. அதைப் பற்றி யாரும் அனுதாபக் கூட்டம் போடவில்லை.

எஸ்.டி.டி. வந்ததும் முதலாளிகள் டயலின் ஓட்டையில் குட்டிப் பூட்டு ஒன்றை மாட்டினார்கள். சுழலும் டயல் செய்வதெல்லாம் எண்ணுக்கு ஏற்றபடி லைனை வெட்டி வெட்டி விடுவதுதான். அந்த வேலையை ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டியும் செய்யலாம்: மூன்று தட்டு, 3, பத்துத் தட்டு, 0. பூட்டைத் தொடாமலே மதுரைக்குத் தட்டிப் பேசிய கணக்குப்பிள்ளைமார் இருந்தார்கள். தபேலா கற்றவர்கள் இதில் சிறந்து விளங்கினார்கள் என்பது என் ஊகம், நிறுவப்படவில்லை.

உலக அளவில் நம் ஆய்வுக்கு மூதாதை ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். கான்சாஸ் நகரத்தில் இறுதிச் சடங்கு நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். அந்த ஊர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த பெண், அதே தொழில் செய்த போட்டிக்காரரின் மனைவி. ஸ்ட்ரோஜருக்கு வரும் அழைப்பையெல்லாம் தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிட்டாள் என்று கதை. வெகுண்ட ஸ்ட்ரோஜர் ஆபரேட்டரே வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-ல் காப்புரிமை வாங்கினார். சிவகாசிக்காரர் எவருக்கும் இந்தக் கதை புதிதாக இராது. இங்கே போட்டிக் கம்பெனி என்பது பெரும்பாலும் சித்தப்பா வீடு. ஆனால் ஸ்ட்ரோஜர் எந்த மனுஷியை ஒழிக்க இயந்திரம் செய்தாரோ, அந்த இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதன் முன்னால் நாற்காலி போட்டு அதே மனுஷியை மறுபடி உட்கார வைத்தது நம்மூர் ஆபீஸ். இதைப் பின்னடைவு என்பார்கள். நான் முன்னேற்றம் என்பேன். கணக்கும் கைவசம் இருக்கிறது.

கணக்குக்கு முன் கருவிகள். முதல் வகை, ஒற்றை லைனும் உள்ளங்கையும். ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “அண்ணாச்சி, சாத்தூரு” என்று அக்கா தடுப்பின் சந்து வழியாகச் சொல்வார். உள்ளங்கை எதையும் தடுக்காது. “இல்லேன்னு சொல்லு” என்ற பதில் சாத்தூர்வரை தெளிவாகப் போகும். இரண்டாம் வகை, பேரலல். ஒரே லைனில் இரண்டு கருவி. முதலாளி உள்ளே சத்தமில்லாமல் எடுத்துக் கேட்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டாவது ரிசீவரைத் தூக்கிய நொடியில் லைனின் மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து குரல் சற்றுத் தணியும். சாத்தூர்க்காரர் உடனே, “வணக்கம் அண்ணாச்சி” என்பார். அதோடு கதை முடிந்தது.

மூன்றாவது, ஆபீஸுக்குள்ளேயே மாட்டும் குட்டி எக்ஸ்சேஞ்ச் பெட்டியான ஈ.பி.ஏ.பி.எக்ஸ். மூன்று லைன் எட்டு எக்ஸ்டென்ஷன் என்பது சின்ன ஆபீஸுக்குச் சாதாரண அளவு. இதன் ஆகப்பெரிய பயன் ‘ஹோல்டு’ பொத்தான். அக்கா அதை அழுத்தியதும் சாத்தூர்க்காரர் வேறோர் உலகத்துக்குப் போய்விடுகிறார். பல பெட்டிகளில் அங்கே ஒலிப்பது பீத்தோவன் 1810-ல் எழுதிய பியானோத் துண்டு. அப்போதே அவருக்குக் காது மந்தம். அட்டைப்பெட்டிப் பாக்கிக்காகக் காத்திருப்பவர்கள் அதை இருநூறு வருஷம் கழித்துத் தினமும் கேட்பார்கள் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தாலும் அது அவர் காதில் விழுந்திருக்காது.

இப்போது கணக்கு. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், எத்தனை லைன் இருந்தால் எத்தனை பேருக்கு எங்கேஜ்டு ஒலி கேட்கும் என்பதற்கு 1917-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். நம் ஆபீஸுக்கு மணிக்கு 20 அழைப்பு, ஒவ்வொன்றும் 6 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிஷம். அவர் பெயரிலேயே அமைந்த அளவையில் 2 எர்லாங். மூன்று லைன் இருந்தால் நூற்றுக்கு 21 பேருக்கு எங்கேஜ்டு. நாலாவது லைன் போட்டால் இது 9.5 ஆகக் குறையும். பெட்டி விற்பவர் இந்த இடத்தில்தான் நாலாவது லைனுக்கு விண்ணப்பப் படிவத்தை நீட்டுவார்.

பொறுங்கள். அந்த 20-ல் பாதியை அக்கா “பேங்குக்குப் போயிருக்காக” என்று ஒரே நிமிஷத்தில் முடித்துவிடுகிறார் என்றால்? பத்து அழைப்பு 60 நிமிஷம், மீதிப் பத்து 10 நிமிஷம், ஆக 70. அதே மூன்று லைனில் இப்போது எங்கேஜ்டு நூற்றுக்கு 8.5 பேருக்குத்தான். தேர்ந்த ‘இல்லை’ ஒன்று, ஒரு முழு லைனைவிடச் சற்றுக் கூடுதல் மதிப்புடையது என்று டென்மார்க் சூத்திரமே சொல்கிறது. இதை அக்காவின் சம்பளத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு முதலாளியிடம் எடுத்துரைத்தேன். அவர் பேங்குக்குப் போவதாகச் சொல்லி எழுந்தார்.

எர்லாங் சூத்திரத்துக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. ஓர் அழைப்புக்கும் மற்றோர் அழைப்புக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. அவரவர் தன்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாள் சிவகாசியிலும் அப்படித்தான். ஆனால் பட்டறைகள் இருக்கும் திசையிலிருந்து ஒரு சத்தம் வந்து ஜன்னல் அதிர்ந்தால் ஊரே ஒரே நேரத்தில் போனை எடுக்கும். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: “எந்தப் பட்டறை?” அப்போது மூன்று லைனும் போதாது, முப்பதும் போதாது. அந்த அழைப்புக்கு எந்த ஆபீஸிலும் முதலாளி இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இதற்குமேல் இந்தப் பத்தியில் ஆராய எனக்கு மனமில்லை.

அதை ஒட்டியே இன்னொரு கேள்வி: பட்டறைக்குள் எக்ஸ்டென்ஷன் இழுக்கலாமா? கூடாது. சும்மா இருக்கும் லேண்ட்லைனில் 48 வோல்ட் நேர்மின்சாரம் உண்டு. மணியடிக்கும்போது அது 75 வோல்ட்டைத் தாண்டும் மாறுமின்சாரம். இரும்பு ஆணி அடித்த செருப்புக்கே அனுமதியில்லாத இடத்தில் இதற்கு என்ன வேலை? செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போன் இருக்க வேண்டிய இடம் கேட் பக்கத்து ஆபீஸ் அறை. அங்கிருந்து மருந்து அறைக்குச் செய்தி போவது ஒரு பெரியவரின் காலில். பொறி பறக்காத ஒரே எக்ஸ்டென்ஷன் அவர்தான்.

நாலாவது வகை, ஆளுக்கொரு செல்போனும் வாட்ஸப்பும். மலிவு, விலைப்பட்டியல் நொடியில் போகும். ஆனால் நீல டிக் இருக்கிறதே, அது ‘இல்லை’ என்ற நிறுவனத்தையே தகர்க்கிறது. பேங்குக்குப் போன முதலாளி பார்த்துவிட்டார் என்று நேரத்தோடு காட்டிக்கொடுக்கும் கருவியை எந்த முதலாளி காசு கொடுத்து வாங்குவார்? ஐந்தாவது, தமிழுக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு என்று குரல் சொல்லும் கிளவுடு ஏற்பாடு. பாட்னாவிலிருந்து முன்பணம் அனுப்பப் போகிறவருக்கு மனிதக் குரல் கேட்க வேண்டும். சிவகாசிக் கம்பெனி என்ற பெயரில் போலி இணையதளம் வைத்துப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கும் காலத்தில், பெட்டிக் குரல் அவர் பயத்தைக் கூட்டவே செய்யும்.

லேண்ட்லைனையே விட்டுவிடலாமே என்றால், அதுவும் முடியாது. 04562-இல் தொடங்கும் அந்த எண் அட்டைப்பெட்டியிலும் விலைப்பட்டியலிலும் ஏறியிருக்கிறது. ஆடிப்பெருக்கில் ஆல்பம் பார்த்து ஆர்டர் கொடுத்த தினசரிக் காலண்டரிலும் அச்சாகி, வாடிக்கைக்காரர் கடைச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்குகிறது. அச்சடிக்கிற ஊரில் நம்பரை மாற்றுவது லேசு என்று நினைப்பவர்கள், பழைய ஸ்டாக் அட்டைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்று அதையும் மாற்றியவர்கள் உண்டு. அவர்களுக்கு வியாபாரம் கூடியதா என்று கேட்டால் முதலாளி இல்லை என்கிறார்கள்.

ஆகவே மூன்றுக்கு எட்டு ஈ.பி.ஏ.பி.எக்ஸ்., பழைய லேண்ட்லைன் எண், முதலாளியின் சட்டைப்பையில் யாருக்கும் தராத நம்பரோடு ஒரு செல். எட்டு எக்ஸ்டென்ஷனில் நாலுதான் பயன்படும். மீதி நாலு கம்பி மேஜைக்கடியில் சுருண்டு கிடக்கும், கிடக்கட்டும். வெளி லைனுக்கு 9 வைக்கச் சொல்லுங்கள். 0 வைத்தால் வம்பு: லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் விதி. லைனுக்கு ஒரு பூஜ்யம், செல்லுக்கு ஒரு பூஜ்யம் என்று கணக்குப்பிள்ளை குழம்பி, ஒன்றைப் போட்டு ஒன்றை மறந்துவிட்டு, பெட்டி ரிப்பேர் என்பார்.

பெட்டியின் புரோகிராமிங் பாஸ்வேர்டை மாட்டிய அன்றே மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்கு முந்தின மாதம் ஹோல்டு வேலை செய்யாமல் போகும். அவரைக் கூப்பிட்டால் வீட்டில் எடுத்து, அவர் வெளியூர் போயிருக்காக என்பார்கள். தெருமுனையில் பட்டாசுச் சீட்டுக்காரர்களுக்குப் பெட்டி பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.