சுட்டதும் தழுவியதும்

(பர்மா பஜார். ஒரு காலத்தில் டிவிடி விற்ற பாய், இப்போது செல்போன் கவர் விற்கிறார். எதிரில், முதல் படத்துக்குக் கதை ‘எழுதிக்கொண்டிருக்கும்’ உதவி இயக்குநர்.)

உ.இ.: பாய், பழைய கொரியப் பட டிவிடி ஏதாவது கிடக்குதா?

பாய்: அதான் எல்லாம் போன்லயே வருதே தம்பி.

உ.இ.: போன்ல வர்றதை ஊரே பாத்துடுது. யாரும் பாக்காதது வேணும்.

பாய்: ஓ, சுடப் போறீங்க.

உ.இ.: ச்சே, என்ன வார்த்தை பாய்! இன்ஸ்பிரேஷன்.

பாய்: சீனை அப்படியே எடுத்தா?

உ.இ.: ட்ரிப்யூட்.

பாய்: ரெண்டு படத்தைக் கலக்கிட்டா?

உ.இ.: அதுதான் திரைக்கதை!

பாய்: எங்க காலத்துல எல்லாத்துக்கும் ஒரே பேருதான், ஈயடிச்சான் காப்பி. ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ 1993, ‘அவ்வை சண்முகி’ 1996. ‘மெமெண்டோ’ 2000, ‘கஜினி’ 2005.

உ.இ.: நிறுத்துங்க. ‘கஜினி’யில வர்ற காதல் ‘மெமெண்டோ’வுல எங்க இருக்கு?

பாய்: அதுக்கு 1951ல வந்த ‘ஹாப்பி கோ லவ்லி’யைக் காட்டுறவங்க இருக்காங்களே!

(உ.இ. கொஞ்ச நேரம் செல்போன் கவர்களைப் பார்க்கிறார். பிறகு சட்டத்தைக் கையில் எடுக்கிறார்.)

உ.இ.: 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான். தன் நாடகத்தைப் படமா எடுத்துட்டாங்கன்னு கேஸ் போட்டவர் தோத்துட்டார், தெரியுமா?

பாய்: நீங்க எடுக்குறதே சொன்ன விதத்தைத்தானே தம்பி? கேமரா கோணம்கூட மாறலையே!

உ.இ.: உங்களுக்குக் கலை புரியாது.

பாய்: புரியாதுதான். டிஸ்க்கைக் காப்பி போட்டு வித்தவங்க நாங்க. எங்களுக்கு யாரும் இன்ஸ்பிரேஷன்னு பேர் வைக்கல. 2004ல குண்டர் சட்டத்தையே திருத்தி, கள்ளச்சாராயம் காய்ச்சுறவன் பக்கத்துல திருட்டு விசிடிக்காரனையும் உக்கார வச்சாங்க. விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். டிஸ்க்கை எடுத்தவனுக்குக் குண்டாஸ். கதையை எடுத்தவருக்கு ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’னு டைட்டில் கார்டு.

உ.இ.: சரி பாய், படம் இருக்கா, இல்லையா?

பாய்: தேடித் தர்றேன், காசுகூட வேணாம். மூலக்கதை யாருதுன்னு படத்துல ஒரு வரி போட்டுடுங்க.

உ.இ.: அய்யய்யோ! அதைப் போட்டா ரீமேக் உரிமைக்குப் பணம் கட்டணுமே பாய்!